வரிசையை எப்போது உடைப்பது?

கேள்வி: 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. காலையில் ஓபி சீட்டு 180, 200 என்று போகும். டாக்டர் ஒருவர்தான், சில நாள் அவரும் முகாமுக்குப் போய்விடுவார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்து, "நெஞ்சு கரிக்குது சிஸ்டர், ஒரு வாயு மாத்திரை குடுங்க" என்றார். வரிசையில் நிற்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறார், சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. இசிஜி எடுத்தால் மாரடைப்பு. 108-ல் அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அதே முக்கால் மணி நேரத்துக்குள், சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஊர்ப் பிரமுகர் ஒருவரை நானே வரிசையைத் தாண்டி உள்ளே அனுப்பியிருந்தேன். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. இரவு டியூட்டியில் நானும் ஒரு பணியாளர் அம்மாவும்தான். ஊசி போடு என்று சண்டைக்கு வருகிறார்கள், குடித்துவிட்டு வருகிறார்கள், "நீ நர்சுதானே, டாக்டரக் கூப்பிடு" என்கிறார்கள். நான் இந்த வேலைக்கு லாயக்கானவளா? அந்த மனிதரைப் போய்ப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. போகலாமா?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டிலும் ஓபியிலும் எல்லோரையும் சிஸ்டர் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் இது. ஓய்வு பெற்றும் மாறவில்லை.

லாயக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரமுகரை உள்ளே அனுப்பியதை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதிவிட்டீர்கள். அதனால் அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்லப் போவதில்லை. மற்றதைப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சம்பவம் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. வரிசையை உடைத்தால் ஜனங்கள் கத்துவார்களே என்ற பயத்தில் நெஞ்சு கரிக்கிறவரை நிற்க வைத்தீர்கள். உடைக்காவிட்டால் பிரமுகர் கத்துவாரே என்ற பயத்தில் அவரை உள்ளே விட்டீர்கள். இரண்டு தடவையும் முடிவை எடுத்தது யார் அதிகம் சத்தம் போடுவார்கள் என்ற கணக்கு. நம் ஊர் ஓபியில் நோய் முற்றியவர் சத்தம் போடுவதே இல்லை. ஓரமாகச் சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, முதல்ல அவங்களப் பாருங்க" என்பார்.

வரிசையை உடைக்கும் உரிமை அந்த வளாகத்தில் முதலில் உங்களுக்குத்தான் உண்டு. டாக்டர் அறைக்குள் இருப்பார், வெளியில் நிற்பவர்கள் அவர் கண்ணில் பட மாட்டார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் 'தாய்' திட்டத்தின் அவசரப் பிரிவு வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரித்துவிடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை. அங்கே அந்த வாசல் நீங்கள்தான். ஆனால் இந்த உரிமை செல்லுபடியாக ஒரு நிபந்தனை இருக்கிறது: நோயைத் தவிர வேறு எதற்காகவும் வரிசையை உடைக்கக் கூடாது. பிரமுகருக்காக ஒருநாள் உடைத்ததை ஜனங்கள் பார்த்துவிட்டால், மறுநாள் மூச்சுத் திணறும் குழந்தையை நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடும்போதும், "யாரோ வேண்டப்பட்டவங்க பிள்ளை போல" என்றுதான் நினைப்பார்கள்.

இனி அந்த 'வாயு' விஷயம். நர்சிங் படிப்பில் நாம் படித்தது நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு வரும் மாரடைப்பை. கிராமத்தில் அது அப்படி வருவது குறைவு. "நெஞ்சு கரிக்குது", "வாயு அடைக்குது", "மேல்வயிறு இறுக்கமா இருக்கு", "தோள்பட்டை குடையுது", "தாடை வலிக்குது", "என்னமோ ஒரு மாதிரி படபடன்னு வருது" என்று வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் அசதியுமாக வரலாம். பெண்கள் பல பேர் "நாலு எட்டு நடந்தா மேமூச்சு வாங்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் நாற்பது வயதைத் தாண்டிய யாராவது தொப்புளிலிருந்து தாடை வரைக்கும் புதிதாக ஏதாவது தொந்தரவு என்று சொன்னால் முதல் பத்து நிமிஷத்துக்குள் இசிஜி. வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், செலவாவது ஒரு காகிதம்.

இசிஜியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பி, அவர் சொன்னதும் முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துவிடலாம். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் நம் நிலையங்களில் வைக்கச் சொன்ன அந்த 14 மாத்திரைகள்தான்: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 எட்டு. ரத்த வாந்தி, கருப்பு மலம், ஆஸ்பிரின் ஒவ்வாமை உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். அந்தப் பெட்டி உங்கள் நிலையத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதி தேதி என்ன என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். ஒரு இடத்தில் அது பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருந்தது, சாவி மருந்தாளுநரோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தது.

ஜனங்கள் சொல்லும் சொல்லை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தை யாரும் வகுப்பில் நடத்துவதில்லை.

"பூச்சி கடிச்சிருச்சு" என்று இரவில் ஒருவர் வருகிறார். இருட்டிய பிறகு பாம்பு என்று வாயால் சொல்லக் கூடாது என்பது பல ஊர்களில் இன்னும் வழக்கம். பூச்சி என்றுதான் சொல்வார்கள். அலர்ஜிக்கான அவில் மாத்திரை கொடுத்து அனுப்புவதற்கு முன்னால், "பூச்சின்னா எது, நீளமானதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதைவிட ஏமாற்றுகிற ஆள் கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் "வயிறு முறுக்குது, தொண்டை அடைக்குது" என்று வருவார். வயிற்றுவலி என்று சீட்டில் எழுதி வரிசையில் நிற்கவும் வைத்துவிடுவோம். அவர் முகத்தைப் பாருங்கள். கண் இமை பாதி சரிந்து, தூக்கக் கலக்கம் போல இருக்கும். "எங்க படுத்திருந்தீங்க?" என்று கேளுங்கள். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்க்கும் சோதனையில் ரத்தம் உறைந்துவிட்டால் விஷமில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. கட்டுவிரியனும் நாகமும் நரம்பைத் தாக்குகிறவை. அவை கடித்தால் ரத்தம் ஒழுங்காகவே உறையும். அந்தச் சோதனை ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும்தான் உதவும். குழாயும் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் செய்தால் அர்த்தமில்லை.

"சாப்பிட்டது ஒத்துக்கல" என்று வாலிபப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூன்று நான்கு பேர் வந்தால், வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பாருங்கள். எச்சில் ஒழுகுகிறதா, கண்மணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கியிருக்கிறதா? பூச்சிமருந்து குடித்ததைக் குடும்பம் மறைக்கும். போலீஸ் பயம், ஊர்ப் பேச்சு பயம். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, அம்மாவை மட்டும் நிறுத்தி, "நான் யாருகிட்டயும் பேச மாட்டேன், எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்" என்று கேளுங்கள். யாரிடமும் என்றால் ஊராரிடம் என்றுதான் அர்த்தம். போலீஸுக்கு முறைப்படி போக வேண்டிய தகவல் போய்த்தான் ஆக வேண்டும். அதை அந்த அம்மாவிடம் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். போட்டிருக்கும் துணியைக் கழற்றி உடம்பைக் கழுவச் சொல்லுங்கள், நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த வாடை உங்களுக்கும் ஆகாது.

"குழந்தைக்கு மாந்தம்" என்பார்கள். ஒரு சொல்லுக்குள் பேதி, வலிப்பு, நிமோனியா எல்லாம் அடங்கிவிடும். சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காமல் தொய்ந்து கிடந்தாலோ வரிசை கிடையாது. அழுகிற குழந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்மா தோளில் சத்தமில்லாமல் படுத்திருந்த ஒரு எட்டு மாதக் குழந்தையை, நல்ல பிள்ளை, தூங்குகிறது என்று நினைத்துக் கடந்து போனேன். அது தூக்கமில்லை. பிழைத்தது, ஆனால் அந்தக் காலையை நான் மறக்கவில்லை. உங்கள் திங்கட்கிழமை போல எனக்கும் ஒன்று உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு எப்படியும் பிபி பார்ப்பீர்கள். மற்ற நாளில் தலைவலி மாத்திரை மட்டும் கேட்டு வருகிற எட்டு மாதக்காரிதான் கைவிட்டுப் போகிறவள். 140/90 என்றாலே டாக்டரிடம் போக வேண்டும். 160/110, கூடவே கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் வலிப்பு வாசலில் நிற்கிறது. வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி எங்கே என்று பார்த்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, இருநூறு பேரில் இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்த இடத்திலிருந்து முடியாது. நான் செய்தது இதுதான். ஓபி ஆரம்பித்ததும் ஒரு தடவை, அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை, வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து போய்த் திரும்புவேன். இரண்டு நிமிஷம் ஆகும். எதுவும் கேட்க மாட்டேன், பார்ப்பேன். யார் நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், யார் வியர்த்திருக்கிறார், யார் பேசும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறார், யாருடைய உதடு வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறது, எந்தக் குழந்தை துவண்டு கிடக்கிறது. சந்தேகமானவரை அழைத்து வந்து வாசல் நாற்காலியில் உட்கார வைத்து நாடி, பிபி, விரல் மாட்டியில் ஆக்சிஜன் பார்ப்பேன். 94-க்குக் கீழே போனால் உள்ளே. சர்க்கரை நோயாளி கிறுகிறுக்கிறது என்றால் உடனே விரல் குத்திச் சர்க்கரை. சீட்டின் மூலையில் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டைப் பார்த்தால் கையில் இருக்கும் நோயாளியை முடித்ததும் இவரைப் பார்ப்பது என்று டாக்டரோடு முதலிலேயே பேசி வைத்திருந்தேன். இரண்டு கோடு என்றால் முடிக்கவும் வேண்டாம், எழுந்து வர வேண்டும். புதிதாக வந்த ஒரு டாக்டர் முதல் வாரம் முகம் சுளித்தார். இரண்டாம் வாரம் அவரே சிவப்புப் பேனா வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பேச்சை டாக்டரோடு நீங்கள் கட்டாயம் பேச வேண்டும். ஓபி நேரத்தில் வேண்டாம், மதியம் கூட்டம் குறைந்த பிறகு. அவர் வருவதற்கு முன்னால் நீங்களாகச் செய்யலாம் என்பது எதெது: இசிஜி, ஆக்சிஜன், மருந்து ஏற்ற நரம்பில் ஊசிவழி போட்டு வைப்பது, சர்க்கரை இறங்கினால் குளுக்கோஸ், ஒவ்வாமையில் மூச்சடைத்தால் பெரியவர்களுக்குத் தொடையில் அட்ரினலின் அரை மில்லி. ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தோடு ஊசி அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வாய்ப்பேச்சு, பிரச்சினை வந்த அன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சீட்டு எழுதுகிற பணியாளரை விட்டுவிடாதீர்கள். ஜனங்களை உங்களுக்கும் முன்னால் பார்க்கிறவர் அவர்தான். நெஞ்சு, மூச்சு, மயக்கம், கடி, கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, இந்த ஆறில் ஒன்று காதில் விழுந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நாய்க்கடியும் இதில் சேர்த்திதான். உயிர் அந்த நிமிஷமே போய்விடாது என்றாலும், வரிசையில் நிற்கும் நேரத்தில் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வைக்கலாமே.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு வருகிறவர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது, ஆனாலும் பாதிப் பேர் பழக்கத்தில் நேரில் வருவார்கள். தொற்றாநோய்ப் பிரிவு நர்ஸ் உங்கள் நிலையத்தில் இருந்தால், மாத்திரைக்கு மட்டும் வருகிறவர்களைத் தனி வரிசையாக அவரிடம் திருப்ப முடியுமா என்று பேசிப் பாருங்கள். உங்கள் பிரமுகரும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டியவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம். "வரிசையில நில்லுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைதான். நான் சண்டை போட்டதில்லை. "வாங்கய்யா, உக்காருங்க, முதல்ல பிபி பாத்துருவோம்" என்று வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். மரியாதை கிடைத்துவிட்டது. பிபி பார்த்து, நாடி பார்த்து, "நல்லா இருக்கய்யா, அவசரம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு முன்னால பதினாறு பேரு, இருபது நிமிஷத்துல கூப்பிடறேன்" என்பேன். நாலு பேர் முன்னால் அவசரமில்லை என்று ஆகிவிட்ட பிறகு உள்ளே பாய அவருக்கே கூச்சமாக இருக்கும். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். இருவர் என்னை மாற்றிவிடுவதாக மிரட்டினார்கள், ஒருவர் மாற்றியும் காட்டினார். போன இடத்தில் குடியிருப்பு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை, வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரை இப்படி உட்கார வைத்துப் பிபி பார்த்தால் 220/130. கை நடுங்கிற்று எனக்கு. அவருக்கு நானே வரிசையை உடைத்தேன். முன்னால் நின்றவர்களில் ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. எண்ணைச் சத்தமாகச் சொல்லியிருந்தேனல்லவா. (இப்போது யோசித்தால் ஒருவருடைய பிபியை ஊருக்கே கேட்கச் சொன்னது தவறு. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.)

வரிசையை உடைக்கும்போது வாயை மூடிக்கொண்டு உடைக்காதீர்கள். "இவருக்கு மூச்சு வாங்குது, முதல்ல பாக்கணும். உங்க வீட்டு ஆளு இப்படி வந்தாலும் இதேதான் செய்வேன். உங்களுக்கு அரை மணி தள்ளிப் போகும், கோவிச்சுக்காதீங்க." என்ன நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் என்று சொன்னால் போதும். காத்திருப்பதைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளைக் கத்த வைக்கிறது.

ஊசி கேட்கிறவர்கள் விஷயத்தில் உங்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது, கடிதத்திலேயே தெரிகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது வருஷமாகத் தனியார் கிளினிக்குகள் காய்ச்சல் என்றால் ஊசி என்று பழக்கிவிட்டன. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு வெள்ளை மாத்திரை நாலு கையில் கொடுத்தால் ஏமாந்த மாதிரி இருக்கும். ஆனால் மசிந்துவிடாதீர்கள், வெறும் தண்ணீர் ஊசி போட்டுச் சமாளிக்கவும் வேண்டாம். டெங்கு காலத்தில் என்ன காய்ச்சல் என்று தெரியாதபோது இடுப்பில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டலாம். அதுவும் டைக்ளோஃபினாக் என்கிற வலி ஊசி என்றால் ரத்தக்கசிவையே தூண்டும். இதையே அவரிடம் சொல்லுங்கள்: "இந்தக் காய்ச்சலுக்கு ஊசி போட்டா ரத்தம் கசியும், அதான் போடல." ஊசி போடாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அக்கறை என்று அவருக்குப் புரிய வேண்டும். பெஞ்சில் உட்கார வைத்து ஒரு தம்ளர் ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்து, பாராசிட்டமாலை உங்கள் முன்னாலேயே போட வையுங்கள். முக்கால் மணியில் வேர்த்து இறங்கும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். காய்ச்சல் இறங்கிய நாள்தான் டெங்குவில் கவனிக்க வேண்டிய நாள், ஜனங்கள் அன்றுதான் வேலைக்குக் கிளம்புவார்கள்.

இரவு டியூட்டி வேறு ரகம். அங்கே வரிசை இல்லை, நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். மூன்று பழக்கம் சொல்கிறேன். டாக்டர் போனில் சொல்லும் ஒவ்வொரு மருந்தையும் அளவோடு திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். மணி போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள், காலையில் அவர் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட டாக்டர் போன் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வண்டி வரும் நேரத்தில் டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம். வந்த வண்டி தேவைப்படாமல் திரும்பிப் போனால் யாரும் சாகப் போவதில்லை. மூன்றாவது, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு யாரோடும் பேசாதீர்கள், பணியாளர் அம்மா கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும்.

குடித்துவிட்டுத் தலையில் அடிபட்டு வருகிறவரைப் பற்றி ஒன்று. பேச்சு குழறுவதும் தள்ளாடுவதும் வாந்தியும் சாராயத்தாலும் வரும், மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் வரும். வாடை அடிக்கிறது என்பதால் அது சாராயம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை பாருங்கள், இரண்டு கண்மணியும் ஒரே அளவா பாருங்கள், அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள். எழுப்ப எழுப்ப மந்தமானால் அனுப்பிவிடுங்கள். போலீஸ் வரட்டும், எழுதிவிட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் சிகிச்சை, சட்ட வேலை பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்துப் பதிவேடும் காவல் நிலையத் தகவலும் டாக்டர் வழியாகப் போகட்டும். நீங்கள் வந்த நேரம், கூட்டி வந்தவர் யார், எந்த நிலையில் வந்தார் என்பதை மட்டும் விடாமல் எழுதி வையுங்கள்.

கை ஓங்கினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் உங்களுக்கு விதிக்கவில்லை. மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிலையங்களையும் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது, நர்சுகளும் அதில் அடக்கம். அதைச் சொல்லும் பலகை ஒன்று வாசலில் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். காவல் நிலைய எண்ணைப் போனில் முதல் எண்ணாகச் சேமித்துக்கொள்ளுங்கள். "நர்சுதானே" என்பதற்கு நான் பதில் சொன்னதே இல்லை. பிபி பட்டையைக் கையில் சுற்ற ஆரம்பித்துவிடுவேன். அது இறுகும்போது எல்லோரும் பேசாமல் இருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழியெல்லாம் உங்கள் தலையில் வைத்த மாதிரி ஆகிவிடும். மூன்று நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் பிரசவ விடுப்பில், ஒருவர் மாற்றுப் பணியில் என்று போய், ஒரே ஆள் பிரசவ அறையையும் ஊசி அறையையும் ஓபி வாசலையும் பார்த்தால், எந்தச் சிவப்புப் பேனாவும் காப்பாற்றாது. வருத்தத்தைப் பேசினால் காற்றோடு போகும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: அன்றைய ஓபி எத்தனை, டியூட்டியில் நர்ஸ் எத்தனை, எத்தனை பேருக்குச் சிவப்புக் கோடு போட்டீர்கள், அவர்களில் எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினீர்கள். அதை மருத்துவ அலுவலர் வழியாக வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆள் வருவார் என்று உறுதி சொல்ல முடியாது. எனக்கு ஒரு தடவை வந்தார், இரண்டு தடவை வரவில்லை.

கடைசியாக, அந்த மனிதரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். போங்கள். டாக்டரிடமும் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிட்டு, முடிந்தால் அந்தச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று வாசலிலேயே அழுதுவிடாதீர்கள், அவருக்கு அது பயத்தைக் கிளப்பும். "அன்னிக்கு உங்களை முன்னாடியே உள்ள கூப்பிட்டிருக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். அவர் மனைவி ஏதாவது திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மாத்திரைப் பையை வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர், இரண்டாவது மாரடைப்பு அப்படித்தான் வருகிறது. பீடி இன்னும் இருக்கிறதா என்று சட்டைப் பையையும் ஒரு பார்வை பாருங்கள்.

பிபி கருவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.